காஸ்பியன் துறைமுகம் என்கிறார்கள், கடலையே காணோமே? (அஸ்த்ரகான்)

#1 வரைபடப் பைத்தியம்

வணக்கம். தூக்கம் வராத ராத்திரிகளில் மேப்பைத் திறந்து எங்காவது போய் நிற்பது என் பழக்கம். நேற்று காஸ்பியன் கடலின் வடக்குப் பக்கம் போனேன். ரஷ்யாவின் பழைய துறைமுகம் அஸ்த்ரகான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். தேடிப் பார்த்தால் ஊர் வோல்கா ஆற்றின் மேல் இருக்கிறது, கடல் அங்கிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் முழுக்கப் பச்சை, அதில் நூல் நூலாகப் பிரிந்த வாய்க்கால்கள். எது கரை, எது தண்ணீர் என்றே பிடிபடவில்லை.

இரண்டு கேள்வி. கடலே இல்லாத ஊர் எப்படிக் கடல் துறைமுகம் ஆனது? அப்புறம், அங்கே பல நூறு வருடங்களுக்கு முன்னால் இந்திய வியாபாரிகள் குடியிருந்து சாமி கும்பிட்டார்கள் என்று எங்கேயோ பார்த்தேன். நிஜமா, வாட்ஸாப் கதையா?

#2 ஆறு வருஷ வோல்கா

தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நான் மருத்துவம் படித்தது அந்த ஊரில்தான். சேர்த்துவிட்ட ஏஜென்ட் அப்பாவிடம் "கடற்கரை சிட்டி சார், சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சா பீச்தான்" என்று சொல்லியிருந்தார். நானும் பெட்டியில் இரண்டு அரை டிராயர் கூடுதலாக வைத்துக்கொண்டு போனேன்.

முதல் வாரம் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் அரைகுறை ரஷ்யனில் "கடல் எங்கே" என்று கேட்டேன். ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டினார். "இது ஆறு" என்றேன். "இதிலேயே போய்க்கொண்டிரு, வரும்" என்றார். ஆறு வருடத்தில் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

#3 ஏட்டுச் சுரைக்காய்

வாட்ஸாப் கதை இல்லை, நிஜம். ஆனால் அதற்கு முன்னால் ஊரின் வயதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும்.

இப்போதிருக்கும் ஊர் 1558-ல் ரஷ்யர்கள் கட்டியது. அதற்கு முன்பே, எதிர்க்கரையில் சில கிலோமீட்டர் மேலே, ஹாஜி தர்கான் என்ற தாதாரியர் (துருக்கிய இன முஸ்லிம்கள்) ஊர் இருந்தது. அந்தப் பெயர்தான் வாயில் தேய்ந்து அஸ்த்ரகான் ஆனது. இபின் பதூதா 1330-களில் அங்கே போயிருக்கிறார். குளிர்காலம், ஆறு இறுகிக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான சுமை வைக்கோலைக் கொண்டுவந்து பனிக்கட்டியின் மேல் பரப்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பிறகு 1395 குளிர்காலத்தில் தைமூர் வந்து ஊரை அழித்தார். மறுபடி எழுந்து ஒரு சிறிய கானரசின் தலைநகராக இருந்ததை 1556-ல் ரஷ்ய ஜார் நான்காம் இவான் பிடித்துக்கொண்டார்.

ரஷ்யர்கள் இடது கரை மேட்டுக்கு மாறினார்கள். முதலில் மரக்கோட்டை, 1580-களில் கல்லும் செங்கல்லும். அந்தச் செங்கல்லில் பெரும்பகுதி, ஆற்றின் மேலே இடிந்து கிடந்த சராய் என்ற பழைய தாதாரியத் தலைநகரிலிருந்து பெயர்த்துப் படகில் கொண்டுவந்தது. தோற்றவன் வீட்டுச் செங்கல்லில் ஜெயித்தவன் கோட்டை. வெளியே வெள்ளை பூசியிருப்பதால் பார்க்கத் தெரியாது.

வியாபாரிகள் பற்றி நாளை எழுதுகிறேன்.

#4 திசையாயிரம்

அருமையான இழை. ஒரு கோணத்தை யாரும் தொடவில்லை. சீனம், சுமத்ரா வரை வணிகக் குழு வைத்து நடத்தியவர்கள் நம் ஐநூற்றுவர். அவர்களுக்குக் காஸ்பியன் ஒரு தூரமா? அந்த இந்திய வியாபாரிகளில் தமிழர்கள் நிச்சயம் இருந்திருக்க வேண்டும். ஆராய்ந்தால் கிடைக்கும்.

#5 ஏட்டுச் சுரைக்காய்

//நிச்சயம் இருந்திருக்க வேண்டும்//

அண்ணே, "இருந்திருக்க வேண்டும்" என்பது ஆசை, ஆதாரம் இல்லை. ஐநூற்றுவர் கல்வெட்டுகள் 14-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு தேய்ந்துவிடுகின்றன. அஸ்த்ரகானில் இந்தியர்கள் பதிவாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர்களில் பெரும்பாலோர் முல்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்து ஆட்கள். வழியைப் பார்த்தாலே புரியும்: முல்தானிலிருந்து காந்தஹார், அங்கிருந்து பாரசீகத்துக்குள் இஸ்ஃபஹான், வடக்கே ஏறினால் காஸ்பியனின் தென்கரையில் கீலான். அதுவரை ஒட்டகம், கழுதை. கீலானில் படகேறினால் அஸ்த்ரகான். மாதக்கணக்கில் தரைவழி. நம் ஆட்கள் கப்பல் விட்டது கிழக்கே. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

முழு ஊரையும் நிரப்பிய கூட்டமும் இல்லை. உச்சத்தில் ஏறக்குறைய 200 பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் ஆண்கள், ஊரில் இருக்கும் முதலாளி வீட்டுக்கு ஏஜென்டாக வந்தவர்கள் பலர். பர்மாவுக்குப் பெட்டியடிக்குப் போன செட்டியார் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே அமைப்பு. துணி, பாரசீகப் பட்டு, சாயம், கற்கள் வரும். ரஷ்யத் தோலும் ரோமத்தோடு பதப்படுத்திய விலங்குத் தோலும் போகும். கூடவே கொடுக்கல் வாங்கல். உள்ளூர் தாதாரியர், ஆர்மீனியர், சில சமயம் ரஷ்ய அதிகாரிகளே அவர்களிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள்.

தங்க ஒரு வளாகம் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் அறைகள், கிடங்குகள், நடுவில் முற்றம், வழிபாட்டுக்கு ஓர் அறை. பாரசீகருக்கும் ஆர்மீனியருக்கும் இதுபோலத் தனித்தனி. 1793-ல் அந்த ஊருக்குப் போன பல்லாஸ் என்ற இயற்கையியலாளர், இந்தியர் வளாகத்தில் மணியடித்து விளக்குக் காட்டிய மாலை வழிபாட்டை உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். தாவரம், விலங்கு, பாறை எழுத வந்தவர், தீபாராதனையையும் சேர்த்து எழுதிவிட்டார்.

எனக்குப் பிடித்த விஷயம் பெயர்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய புள்ளியாக இருந்த ஒருவர் ரஷ்ய ஆவணங்களில் "மார்வாரி பராயேவ்" என்று வருகிறார். மார்வாரி என்பதே முதல் பெயர் ஆகிவிட்டது, பின்னால் ஒரு "யேவ்" ஒட்டிக்கொண்டது.

#6 திசையாயிரம்

சரி, ஆதாரம் இல்லை என்றால் இல்லை. ஒரு கேள்வி மட்டும். இந்து வியாபாரிகளை ரஷ்ய அரசு ஏன் அவ்வளவு செல்லம் கொடுத்து வைத்திருந்தது? பாதிரிகள் சும்மா விட்டார்களா?

#7 ஏட்டுச் சுரைக்காய்

செல்லம் எல்லாம் இல்லை, சுங்கம். அந்த 200 பேர் கொண்டுவரும் சரக்குக்கு வரி கிடைத்தது. அதனால் ஆளுநர்கள் அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்கோ வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது. இந்தியர்கள் அஸ்த்ரகானைத் தாண்டி உள்நாட்டுக்குள் வந்து விற்கக் கூடாது என்று 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாரிடம் மனு மேல் மனு போட்டார்கள். வெளியூர்க்காரன் வந்து சில்லறை வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்ற புலம்பல்தான். எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கேட்கலாம்.

#8 மூணாவது ஷிப்ட்

துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்வியை யாரும் தொடாததால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

காஸ்பியன் என்றால் ஆழ்கடல் என்று நினைக்கிறோம். தெற்கே ஆழம்தான், 1,000 மீட்டரைத் தாண்டும். வடக்குப் பகுதி அப்படியே வேறு. சராசரி ஆழம் ஐந்து, ஆறு மீட்டர். வோல்கா 3,500 கிலோமீட்டர் ஓடிவந்து அத்தனை வண்டலையும் அங்கேதான் கொட்டுகிறது. கடலோரத்தில் ஊர் கட்டினால் கப்பல் வராது, காலடியில் மண் நிற்காது, தெற்கிலிருந்து காற்றடித்தால் வெள்ளம். மேடும் ஆழமான ஆறும் சேர்ந்த இடம் மேலேதான் இருக்கிறது. அதனால் ஊரை ஆற்றில் வைத்தார்கள், கடல் வேலையைக் கடலில் வைத்தார்கள்.

கடலில் வைத்தார்கள் என்றால் நிஜமாகவே கடலில். 19-ஆம் நூற்றாண்டில் கடல் கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய முடியாது. திறந்த கடலில் 12 அடி ஆழம் கிடைக்கும் இடத்தில் நங்கூரம் போடும். அந்த இடத்தின் பெயரே பன்னிரண்டு அடி நங்கூரத்துறை. அங்கே ஆற்றுப் படகுகள் வந்து அணைந்து சரக்கை மாற்றிக்கொள்ளும். காஸ்பியனின் மேற்குக் கரையில் இருக்கும் பாகூவில் எண்ணெய் பெருகியபோது அது மிதக்கும் ஊராகவே ஆகிவிட்டது. கரை கண்ணுக்கே தெரியாத நடுக்கடலில் தபால் நிலையம்கூட இருந்தது.

நோபல் சகோதரர்கள் என்றால் பரிசு மட்டும் நினைவுக்கு வரும். அந்த வீட்டு லுட்விக் நோபல்தான் 1878-ல் சுவீடனில் "சோராஸ்டர்" என்ற கப்பலைக் கட்ட வைத்தார். பாகூவிலிருந்து அஸ்த்ரகான் வழிக்கு மண்ணெண்ணெய் ஏற்ற. அதுவரை எண்ணெய் போனது பீப்பாயில். பீப்பாய் ஒழுகும், உருளும், எண்ணெயைவிட மரத்துக்குக் காசு அதிகம். தொட்டியாகவே கப்பலைக் கட்டிவிடு என்ற யோசனை வெற்றிகரமாக ஓடிய முதல் இடங்களில் இந்தச் சேற்றுக் கடலும் ஒன்று. இன்றைய டேங்கர்களுக்குப் பாட்டன் அது.

பிறகு ஆற்று வாயிலிருந்து ஆழம் வரைக்கும் தூர்வாரிக் கால்வாய் போட்டார்கள். வோல்கா–காஸ்பியன் கால்வாய், நீளம் 188 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் கடலுக்குள்ளேயே தோண்டிய பள்ளம்போலத்தான் போகிறது. வருடா வருடம் வாரினால்தான் நிற்கும். இன்று வாரியதை நாளைக்கு ஆறு மூடிவிடும். அந்த வேலையைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், அது முடிவே இல்லாத சம்பளம்.

#9 வரைபடப் பைத்தியம்

இந்த ஒரு பதிலுக்காகவே இழை போட்டது வீண் போகவில்லை. நடுக்கடலில் தபால் நிலையம்!

ஒரு சந்தேகம். காஸ்பியன் எந்தச் சமுத்திரத்தோடும் சேராது. அப்படியென்றால் அஸ்த்ரகானில் கட்டிய கப்பல் ஆயுசுக்கும் அந்தத் தொட்டிக்குள்தானா?

#10 மூணாவது ஷிப்ட்

1952 வரை ஏறக்குறைய அப்படித்தான். சிறிய படகுகள் ஆறுகள், கால்வாய்கள் வழியாக வடக்கே போகலாம், அவ்வளவுதான். அந்த வருடம் வோல்கா–தோன் கால்வாய் திறந்தது. இப்போது 5,000 டன் வரையுள்ள ஆற்றுக்கும் கடலுக்கும் பொதுவான கப்பல்கள் அஸ்த்ரகானிலிருந்து மேலேறி, தோன் வழியாக அசோவ், கருங்கடல் என்று போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால் இந்த யோசனை ரஷ்யர்களுடையதே இல்லை. 1569-ல் துருக்கிய உஸ்மானியர்கள் அஸ்த்ரகானைப் பிடிக்கப் படை அனுப்பினார்கள். தோன் ஆற்றிலிருந்து வோல்காவுக்குக் கால்வாய் வெட்டிப் போர்ப்படகுகளைக் கொண்டுபோவது திட்டம். மண்வெட்டியோடு கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். முற்றுகையும் தோற்றது.

#11 ஏட்டுச் சுரைக்காய்

கப்பல் என்றதும் ஒன்று. மேற்கத்திய முறையில் ரஷ்யா கட்டிய முதல் போர்க்கப்பல் "ஓர்யோல்", அதாவது கழுகு. டச்சுத் தச்சர்களை வைத்து 1668-ல் நீரில் இறக்கி, பாரசீக வணிகத்துக்குக் காவலாக அஸ்த்ரகானுக்கு அனுப்பினார்கள். 1670-ல் ஸ்தென்கா ராசின் தலைமையில் கொசாக்குகளும் ஏழைகளும் கிளர்ந்து ஊரைப் பிடித்தார்கள். ஆளுநரைக் கோட்டைக் கொத்தளத்தின் மேலிருந்து தள்ளிக் கொன்றார்கள். கழுகு காஸ்பியனில் காவல் காக்கவே இல்லை, கலகக்காரர் கையில் சிக்கி அதோடு முடிந்தது.

அரை நூற்றாண்டு கழித்து முதலாம் பியோதர் (பீட்டர் பேரரசர்) வந்தார். 1722-ல் பாரசீகப் படையெடுப்பை இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார். காஸ்பியன் கடற்படையும் அதே வருடம் நவம்பரில் இங்கேதான் பிறந்தது.

அப்புறம் அபனாசி நிகீதின். த்வெர் ஊர் வியாபாரி, 1460-களின் கடைசியில் வோல்கா வழியே இறங்கி வந்தவர். அஸ்த்ரகான் பக்கத்தில் தாதாரியர் வழிமறித்துச் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் கடன்காரன் விடமாட்டான் என்று தெற்கே நடந்தார். பாரசீகம், ஹோர்முஸ், கடல் கடந்து இந்தியாவில் சௌல், பீதர் வரை போனார். வாஸ்கோ ட காமாவுக்கு ஏறக்குறைய முப்பது வருடம் முந்தி. கொள்ளை போகாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு வியாபாரம் முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்.

#12 ஆறு வருஷ வோல்கா

வந்துவிட்டேன். //முதலாம் பியோதர்// அது பியோத்தர் அண்ணே, பியோதர் வேறு ஆள். எங்கள் ரஷ்யன் டீச்சர் கேட்டிருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

சரி, கடலைப் பார்த்த கதை. நான்காம் வருடம், ஆகஸ்ட். கூடப் படித்த உள்ளூர்ப் பையனின் மாமா மீன்பிடிக்கக் கூட்டிப்போனார். ஊரிலிருந்து தெற்கே பஸ்ஸில் போய் ஒரு கிராமத்தில் மோட்டார் படகு. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். ஒரு மணி நேரம் போனோம், நாணல், நாணல், அதைத் தவிர ஒன்றும் இல்லை. திடீரென்று நாணல் விலகித் தாமரை. குளத்துத் தாமரை இல்லை, வயல் மாதிரி தாமரை. இளஞ்சிவப்பு, கண்ணுக்கெட்டிய தூரம். படகை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். ஊர்க் கோயில் குளம் ஞாபகம் வந்தது, அழுகை வேறு.

தாமரையும் முடிந்து, முன்னால் ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீர். மாமா இன்ஜினை அணைத்தார். செருப்பைக் கழற்றினார். படகிலிருந்து இறங்கி நின்றார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. திரும்பிப் பார்த்து, "இதுதான் கடல்" என்றார்.

அலை இல்லை, கரை இல்லை, மணல் இல்லை. கையில் அள்ளி வாயில் வைத்தேன், உப்பே இல்லை. வோல்காவின் தண்ணீர்தானே அங்கேயும். பல கிலோமீட்டருக்கு அப்படியே நடந்தே போகலாமாம். ஏஜென்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன், சிக்னல் இல்லை.

#13 திசையாயிரம்

தாமரை! இதைத்தான் எதிர்பார்த்தேன். ரஷ்யாவில் தாமரை எப்படி வரும்? இந்திய வியாபாரிகள் விதை கொண்டுபோயிருக்கிறார்கள். பூஜைக்கு.

#14 ஆறு வருஷ வோல்கா

அங்கேயும் அப்படி ஒரு கதை சொல்வார்கள். கல்மீக்கியர் என்ற பௌத்த மக்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய துறவிகள் கொண்டுவந்தது என்று இன்னொரு கதை. பறவை கொண்டுவந்தது என்று மூன்றாவது. எது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு காலத்தில் சின்னச் சின்னத் திட்டுகளாக இருந்த தாமரை, கடல் பின்வாங்கி ஆழமில்லாத தண்ணீர் பெருகப் பெருகப் பரவியது. 1919-லேயே அந்த டெல்டாவில் காப்பகம் அமைத்துவிட்டார்கள், புரட்சிக்குப் பிறகு வந்த முதல் இயற்கைக் காப்பகம். உள்ளூரில் பழைய பெயர் காஸ்பியன் ரோஜா.

#15 கருவாட்டுக் கடை

இவ்வளவு நேரம் படித்தேன், மீனைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கேவியர் ஊர் அல்லவா அது? டாக்டர் தம்பி, தினமும் கேவியர்தானா?

#16 ஆறு வருஷ வோல்கா

ஸ்டூடண்ட் விசாவில் கேவியரா! கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. அதுவும் பண்ணையில் வளர்த்த மீனின் சினை. கேவியர் தருவது ஸ்டர்ஜன் மீன்; இயற்கையாக வாழும் ஸ்டர்ஜனைப் பிடித்து விற்பதற்கு இப்போது தடை.

ஆனால் அங்கே கருவாடு உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். வோப்லா என்று உள்ளங்கை நீள மீன். ஏப்ரலில் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும். அந்த மாதம் ஊரே தூண்டிலோடு பாலத்தில் நிற்கும். உப்பில் ஊறவைத்து, கண் வழியே கயிறு கோத்து, பால்கனியில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிடுவார்கள். ஈ மொய்க்காமல் மேலே கொசுவலைத் துணி. எங்கள் தெருவில் ஐந்து மாடிக் கட்டிடம் முழுக்க அந்த வாசனை. நம் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், கடலோர ஊர்ப் பையன்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று மோப்பம் பிடிப்போம்.

சாப்பிடும் முறை தனி. மேஜை விளிம்பில் நாலு தட்டு தட்டிச் சதையைத் தளர்த்த வேண்டும். தோலை உரித்து நாராகக் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுப்பையைத் தூக்கிப் போடக் கூடாது, தீக்குச்சி கொளுத்தி அதைச் சுட வேண்டும். சுருங்கிப் பொரிந்துவிடும். அதை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு சண்டை. அவர்கள் பீருக்குத் தொட்டுக்கொள்வார்கள், நான் ரகசியமாக ரசம் சாதத்துக்கு.

#17 கருவாட்டுக் கடை

காற்றுப்பையைச் சுட்டுத் தின்கிறார்களா! நாளைக்கே முயற்சி செய்கிறேன்.

ஸ்டர்ஜன் ஏன் அழிந்தது? சினைக்காகப் பிடித்தே தீர்த்துவிட்டார்களா?

#18 மூணாவது ஷிப்ட்

பிடித்தது பாதி, அணை பாதி. ஸ்டர்ஜன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறும் மீன். அதில் பெலூகா என்ற வகை எல்லாவற்றிலும் பெரியது. 1827-ல் வோல்கா முகத்துவாரத்தில் அகப்பட்டதாகப் பதிவான ஒன்று ஏழு மீட்டருக்கு மேல் நீளம், எடை 1,571 கிலோ. ஒரு காரின் எடை. 1950-களின் கடைசியில் மேலே வோல்கோகிராதில் அணை எழுந்தது. மின்சாரம் வந்தது, மீனின் பாதை அடைபட்டது. மீன் ஏறுவதற்கு என்று லிஃப்ட்கூட வைத்தார்கள், நம்புங்கள். போதவில்லை. சோவியத் உடைந்த பிறகு காவலும் தளர்ந்து, திருட்டு வலை மிச்சத்தை முடித்தது.

#19 சரக்குச் சீட்டு

எல்லோரும் பழங்கதை பேசுகிறீர்கள், நான் இன்றைய கணக்குக்கு வருகிறேன். சர்வதேச வடக்கு–தெற்கு வழித்தடம் என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே, அதன் வடக்கு வாசல் இந்த அஸ்த்ரகான்தான். 2000-ல் இந்தியா, ஈரான், ரஷ்யா மூன்றும் கையெழுத்துப் போட்டன. மும்பையிலிருந்து கப்பலில் பந்தர் அப்பாஸ், தரைவழியே ஈரானைக் கடந்து காஸ்பியன் கரையில் அன்சலி, மறுபடி கப்பலில் அஸ்த்ரகான், பிறகு ரயில். 7,200 கிலோமீட்டர். சூயஸைச் சுற்றுவதைவிடக் குறைவு. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு கன்டெய்னர் மரப்பலகை, 41 டன், இதே வழியில் மும்பை பக்கத்து நவசேவா துறைமுகத்துக்குப் புறப்பட்டது. முல்தான் வியாபாரியின் வழியையே இப்போது அரசாங்கங்கள் தூசு தட்டி எடுக்கின்றன. இதில் ஏற்றுமதியாளர்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்பது என் கருத்து.

#20 மூணாவது ஷிப்ட்

//சூயஸைச் சுற்றுவதைவிடக் குறைவு//

தம்பி, மேப்பில் குறைவு. கையாள்வதில் இல்லை. ஒரு பெட்டியை எத்தனை தடவை தூக்கி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். மும்பையில் ஏற்று, பந்தர் அப்பாஸில் இறக்கு, லாரியில் ஏற்று, அன்சலியில் இறக்கு, கப்பலில் ஏற்று, அஸ்த்ரகானில் இறக்கு, ரயிலில் ஏற்று. ஒவ்வொரு தூக்கலும் கிரேன் கூலி, காத்திருப்பு, காகிதம். சூயஸ் வழியில் ஒரே கப்பலில் பல ஆயிரம் பெட்டி போகும். காஸ்பியன் கப்பலில் கால்வாய் ஆழம் விடுகிற அளவுதான் ஏற்றலாம். ரயிலாலேயே காஸ்பியனைச் சுற்றிவிடலாம் என்றால் ஈரானில் ரஷ்த்–அஸ்தாரா இடையே 162 கிலோமீட்டர் தண்டவாளம் பாக்கி. 2023-ல்தான் அதைப் போட ஒப்பந்தம் செய்தார்கள்.

எனக்கு அந்த வழியின் மேல் கோபம் இல்லை. 41 டன்னை வைத்து எதிர்காலம் எழுதாதீர்கள் என்கிறேன்.

#21 சரக்குச் சீட்டு

41 டன் சோதனை ஓட்டம் ஐயா. எந்த வழியும் முதல் நாளே நிரம்பாது. சூயஸில் ஒரு கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு 2021-ல் ஆறு நாள் உலகமே நின்றதே, மறந்துவிட்டீர்களா? மாற்று வழி ஒன்று கையில் இருப்பதே லாபம். அதனால்தான் சென்னை–விளாடிவோஸ்டாக் கடல் வழியும் பேசப்படுகிறது.

#22 மட்டுறுத்துநர்

விளாடிவோஸ்டாக்குக்குத் தனி இழை இருக்கிறது. போர், தடை அரசியல் பக்கம் வண்டி திரும்பினால் பூட்டிவிடுவேன். தொடருங்கள்.

#23 மூணாவது ஷிப்ட்

அரசியல் வேண்டாம், தண்ணீர்க் கணக்கு மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

காஸ்பியன் மட்டம் சமுத்திர மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 28, 29 மீட்டர். அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. 1929-லிருந்து 1977 வரை சுமார் 3 மீட்டர் இறங்கியது. பயந்துபோய் சோவியத் அரசு கிழக்குக் கரையில் காரா-போகாஸ்-கோல் என்ற குடாவை 1980-ல் அணை போட்டு மூடியது, அங்கே போய் ஆவியாகும் தண்ணீரையாவது மிச்சப்படுத்தலாம் என்று. அணை கட்டும்போதே கடல் தானாக ஏறத் தொடங்கியிருந்தது! குடா வறண்டு உப்புக்காடானதுதான் மிச்சம். 1992-ல் அணையை உடைத்துவிட்டார்கள். 1990-களின் நடுப்பகுதி வரை கடல் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஏறி, கரையோரக் கிராமங்களை நனைத்தது. அதிலிருந்து மறுபடி இறக்கம், இன்றுவரை.

வடக்கே தரை சப்பட்டை. ஒரு மீட்டர் இறங்கினால் நீர் விளிம்பு பல கிலோமீட்டர் ஓடிவிடும். டாக்டர் தம்பி நின்ற இடத்தில் இன்றைக்கு முழங்கால் தண்ணீர் இருக்குமா என்பதே சந்தேகம். கடலுக்கு வரும் ஆற்று நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் வோல்கா ஒன்றே தருகிறது. மேலே அணைகள், பாசனம், வெயில். இதில் கால்வாயை எவ்வளவு ஆழம் வாருவீர்கள்? வழித்தடத்தைப் பற்றி என் சந்தேகம் ஈரானில் இல்லை, இங்கேதான். ஊரிலிருந்து கடலை நோக்கி ஓல்யா என்ற இடத்தில் புதிதாக ஒரு துறைமுகம் கட்டியது ஏன் என்று யோசியுங்கள். கடலைத் துரத்திக்கொண்டு துறைமுகம் இறங்கி வருகிறது.

#24 சரக்குச் சீட்டு

இந்தப் பாயின்ட்டுக்குப் பதில் இல்லை. தூர்வாரும் செலவை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

#25 வரைபடப் பைத்தியம்

ஒன்று பாக்கி. அந்த இந்தியர்கள் என்ன ஆனார்கள்? ஊர் திரும்பினார்களா?

#26 ஏட்டுச் சுரைக்காய்

(பியோத்தர் திருத்தத்துக்கு நன்றி தம்பி. தட்டச்சு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், மனசாட்சி விடவில்லை.)

ஒரே நாளில் போகவில்லை. 1722-ல் பாரசீகத்தில் சபாவித் அரசு சரிந்தது. அவர்களுடைய வழியின் நடுக்கண்ணி அது, அங்கே பாதுகாப்பு போனதும் வரத்து ஆட்டம் கண்டது. பிறகு மேலும் இரண்டு தலைமுறை தாக்குப்பிடித்தார்கள். இதற்குள் இந்தியத் துணி ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்களில் கடல் வழியே போகத் தொடங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் புது ஆட்கள் வரவில்லை, இருந்தவர்கள் முதுமையில் போய்ச் சேர்ந்தார்கள்.

சிலர் தாதாரியப் பெண்களோடு குடும்பம் நடத்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அக்ரிஜான் தாதாரியர் என்று தனிப் பிரிவாகவே எழுதி வைத்தார்கள், தனிக் குடியிருப்பு இருந்தது. முஸ்லிம்களாக வளர்ந்து, காலப்போக்கில் மற்ற தாதாரியரோடு கலந்துவிட்டார்கள். வளாகத்தின் பெயர் மட்டும் ஊரில் ஒரு பழைய கட்டிடத்துக்கு மிஞ்சியிருக்கிறது.

#27 ஆறு வருஷ வோல்கா

அந்தக் கட்டிடத்தைத் தினமும் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போவோம். பழைய இரண்டு மாடி வீடு, பூச்சு உதிர்ந்த சுவர். முதல் வருடம் முழுக்க அது என்னவென்றே தெரியாது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது வாசலில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இந்திய" என்ற சொல்லை மட்டும் புரிந்துகொண்டு, ஏதோ மசாலாக் கடை என்று நினைத்துக் கதவைத் தட்டிவிட்டேன். ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "தாமதமாக வந்திருக்கிறாய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கிண்டல் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

#28 வரைபடப் பைத்தியம்

சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவு செய்துவிட்டேன், என்றைக்காவது போயே தீருவது. மே மாதம் லீவு கிடைக்கும், சரிவருமா?

#29 ஆறு வருஷ வோல்கா

மே கடைசி, ஜூன் மட்டும் வேண்டவே வேண்டாம். மோஷ்கா என்று கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கூட்டமாகக் காது, மூக்கு, இமை எல்லாவற்றிலும் புகும். உள்ளூர்க்காரர்கள் கேக்குக்குப் போடுகிற வெனிலாத் தூளைத் தண்ணீரில் கரைத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். அந்த மாதம் பஸ்ஸில் ஏறினால் பேக்கரிக்குள் நுழைந்ததுபோல இருக்கும். ஜூலையில் 40 டிகிரி வெயில். ஆகஸ்ட் பிற்பகுதியில் போங்கள். தாமரை இருக்கும், தர்பூசணி தெருவெல்லாம் குவிந்திருக்கும்.

கடல் பார்க்க வேண்டுமென்றால் படகுக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். பீச் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

#30 கருவாட்டுக் கடை

வரும்போது வோப்லா அரைக் கிலோ. பணம் தந்துவிடுகிறேன்.